தனுசு ஏ* (கருந்துளை)

தனுசு ஏ* பால்வழியின் நடுவே, பூமியிலிருந்து ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கருந்துளை. சூரியனைப் போல் சுமார் 43 லட்சம் மடங்கு நிறை கொண்டது. ரேடியோ அலைகளை வீசும் புள்ளியாக இதை 1974இல் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் இருவரும் கண்டறிந்தனர். ஒளியும் தப்பமுடியாத இதன் நிகழ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 1.27 கோடி கி.மீ. புதனின் சுற்றுப்பாதைக்குள் தாராளமாக அடங்கிவிடும்.

கருந்துளை சுற்றியுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்பது திரைப்படங்கள் வளர்த்த எண்ணம். தொலைவிலிருந்து பார்த்தால் அதன் ஈர்ப்பு, அதே நிறையுள்ள வேறெந்தப் பொருளின் ஈர்ப்பையும் போன்றதே. சூரியன் இருந்த இடத்தில் அதே நிறையில் ஒரு கருந்துளை இருந்தால் பூமி உறைந்துபோகும். ஆனால் தன் பாதையை விட்டு விலகாது.

எஸ்2 என்ற விண்மீன் தனுசு ஏ*வை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. 2018 மே மாதம், பூமி–சூரியன் இடைத்தொலைவைப் போல் 120 மடங்கு அளவுக்கு நெருங்கி, விநாடிக்கு 7,600 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் அது கடந்துபோனது. சிலியின் பரனால் மலையில் உள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளை இணைத்து ரைன்ஹார்ட் கென்செல் குழுவினர் அதைத் தொடர்ந்து கவனித்தனர். வந்த ஒளியின் அலைநீளம் நீண்டிருந்தது. அதாவது அங்கே காலம் மெதுவாக ஓடியது: அன்று எஸ்2இல் ஒரு கடிகாரம் இருந்திருந்தால் நம் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்தங்கியிருக்கும். அதில் பாதி ஈர்ப்பினால், மறுபாதி வேகத்தினால். வெளியின் வளைவும் 2020இல் புலப்பட்டது: எஸ்2இன் நீள்வட்டப் பாதை அதே கோட்டில் திரும்பி மூடாமல், சுற்றுக்குச் சுமார் 12 கலை (பாகையின் உட்பிரிவு) அளவு திரும்புகிறது. அவ்வாண்டு நோபல் பரிசில் பாதியைக் கென்செலும், ஹவாயிலிருந்து இதே விண்மீனை ஆராய்ந்த ஆண்ட்ரியா கெஸ்ஸும் பகிர்ந்துகொண்டனர்.

இன்னும் நெருங்கினால் விளைவுகள் கடுமையாகும். கருந்துளையின் சுழற்சியைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மையத்திலிருந்து 1.9 கோடி கி.மீ.யில் ஒளியே வட்டமடிக்கும். 1.7 கோடி கி.மீ.யில் அசையாமல் நிற்க முடிந்தால் (அதற்கேற்ற ராக்கெட் எவரிடமும் இல்லை) நம்முடைய இரண்டு மணி நேரம் அங்கே ஒரு மணி நேரம்தான்.

நிகழ்வெல்லையைக் கடப்பவருக்கு அங்கே தனியாக எதுவும் தெரியாது. சூரியனைப் போல் பத்து மடங்கு நிறையுள்ள சிறு கருந்துளை என்றால் எல்லையைத் தொடுமுன்பே உடல் கிழிந்துவிடும். இங்கோ தலைக்கும் காலுக்குமான ஈர்ப்பு வேறுபாடு பூமியின் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆனால் உள்ளே, மையத்தை நோக்கிய திசை காலத்தைப் போல ஒருவழியாகிவிடுகிறது. எப்பக்கம் உந்தினாலும், அவர் கடிகாரப்படி அதிகபட்சம் சுமார் 67 விநாடிகளில் மையத்தை அடைந்துவிடுவார்.