பஃப்ஸ் விக்கிற கடையில நல்ல காபியும் விக்கலாமே!

ஆரணியில பட்டுப்புடவை எடுக்க வர்றவங்க நாலு கடை ஏறி இறங்கினதும் தேடுறது ஒரு நல்ல காபியைத்தான். பேக்கரி வெச்சிருக்கீங்களா? அந்தக் காபியை நீங்களே கொடுங்க. ஜப்பானின் செவன் லெவன் கடைகள் 2013-ல் 100 யென்னுக்கு ஃபிரெஷ் காபி கொடுக்க ஆரம்பிச்சதும், கூடவே சாண்ட்விச்சும் இனிப்பும் வித்தது.

பவுடர் வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்க. சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவிகிதம் இருக்கணும்கிறது விதி. சிக்கரி கூடினா நிறம் கூடும், மணம் குறையும்.

கப்புக்கு 10 கிராம்னா ஒரு கிலோவில் 100 கப். கிலோ 700 ரூபாய்னா தூள் செலவு கப்புக்கு 7 ரூபாய். பால், சர்க்கரை, கேஸ் சேர்த்து விலை வையுங்க.

காலையில இறக்கின டிகாக்‌ஷனை சாயங்காலம் சுட வெச்சுக் கொடுக்காதீங்க. காபி சொதப்பினா, பன் வாங்குற கஸ்டமரும் போயிடுவார்!