நீர்ப்பெயற்றின் குதிரைகளும் சும்ஹுரத்தின் பானை மூடியும்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தையும் பாடுகிறது. அங்கே வந்து நிற்கும் கப்பல்களில் பால்நிறக் குதிரைகள் இருக்கின்றன. நீர்ப்பெயற்று மாமல்லபுரமா, வேறு ஊரா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் குதிரைகள் அரேபியாவிலிருந்து வந்தவை என்பதை மட்டும் பலரும் யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். அந்த அரபுக் குதிரையைச் சற்று நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவதாக, பாட்டு அப்படிச் சொல்லவில்லை. குதிரைகளோடு வந்த பொருள்களை அது வடக்கின் வளம் என்றே குறிக்கிறது. இரண்டாவது தடை இன்னும் வலுவானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு, தென் அரேபியத் துறைமுகங்களின் ஏற்றுமதி, இறக்குமதிகளைத் தனித்தனியே பட்டியலிடுகிறது. செங்கடல் ஓரத்து மூசா, ஹத்ரமவுத் கரையின் கானா ஆகிய இரண்டு இடங்களிலும் குதிரை இறக்குமதிப் பக்கத்தில்தான் வருகிறது: அரசனுக்குத் தரவேண்டிய உயர்ந்த பொருள்களில் ஒன்றாக! குதிரைக்குக் கடலைப் பார்த்துக் காத்திருந்த கரை, அதே காலத்தில் காஞ்சிக்குக் குதிரை அனுப்பியது என்று நம்புவது எளிதல்ல.

அப்படியானால் அந்தக் கரைக்கும் தமிழகத்துக்கும் தொடர்பே இல்லையா? இருந்தது. குதிரையை மட்டுமே தேடியதில் அது கண்ணில் படாமல் போயிற்று.

ஓமானின் தோஃபார் பகுதியில், சலாலாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் கோர் ரோரி என்ற கழி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வாதி தர்பாத் ஓடை அதில் கலக்கிறது. கழியின் வாயில் இருபுறமும் பாறைமுனைகள். அவற்றுக்கு உள்ளே கப்பலுக்கு அலையில்லாத நீர். கரைமேட்டில் ஹத்ரமவுத் அரசின் மதில்சூழ்ந்த சிறிய ஊர் சும்ஹுரம். ஊரின் பெயரையும் அது உருவான செய்தியையும் வாயிற்கல்வெட்டுகள் தென் அரேபிய எழுத்தில் சொல்கின்றன. பெரிப்ளூஸ் குறிப்பிடும் மோஸ்கா துறை இதுவே என்பது இன்று பெரும்பாலோர் கருத்து.

இந்தச் சிற்றூருக்கு மதில் எழுப்பவைத்தது ஒரு பிசின். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை தோஃபார் மலைகளின் கடல்பக்கத்தைப் பச்சையாக்குகிறது. மலைக்குப் பின்புறம் வறண்டு கிடக்கிறது. குந்திருக்க மரம் செழிப்பது அந்த வறட்சியில். மரப்பட்டையைச் சீவிவிட்டால் பால் கசிந்து கட்டியாகும். (நம் பூசைக்கடைச் சாம்பிராணி சுமத்ரா பக்கத்து வேறொரு மரத்தின் பிசின், இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.)

லிமுரிகேயிலிருந்தும் குஜராத்துக் கரையின் பரிகசாவிலிருந்தும் பருவம் தப்பிப் புறப்பட்ட கப்பல்கள் மோஸ்காவில் குளிர்காலத்தைக் கழித்தன. துணி, கோதுமை, எள்ளெண்ணெய் கொடுத்து அரசு அலுவலரிடம் குந்திருக்கம் வாங்கின என்கிறது பெரிப்ளூஸ். லிமுரிகே என்பது தமிரிகே, அதாவது தமிழகம் என்று கொள்வார் பலர். அந்நூல் சுட்டுவது முசிறி இருந்த மேற்குக்கரையை. ஆனால் அதே நூல் கிழக்குக்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற துறைகளைச் சொல்லி, உள்நாட்டுக் கலங்கள் அங்கிருந்து கரையோரமாகவே லிமுரிகே வரை போனதையும் பதிவுசெய்கிறது. பொதுகே அரிக்கமேடாகவும் சோபட்மா மரக்காணமாகவும் இருக்கலாம் என்பார்கள். இரண்டுமே காஞ்சியின் பின்புலத்துக்கு எட்டாத தூரத்தில் இல்லை. இந்த வட்டாரத் துணி இரண்டு மூன்று கலம் மாறிச் சும்ஹுரத்தை அடைந்திருக்க வழி இருந்தது. நேரடிக் கப்பலைக் கற்பனை செய்யவேண்டிய அவசியமில்லை.

2006-இல் சும்ஹுரத்தில் அகழ்ந்த இத்தாலியக் குழுவுக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்த பானையின் துண்டை வட்டமாகச் செதுக்கி மூடியாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் தமிழ்ப் பிராமியில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர். முற்பகுதி மூத்தவர்க்குரிய மரியாதை அடைமொழி. கீரன் சங்கப் புலவர் பலர் தாங்கிய பெயர். பொற்காசோ அரசமுத்திரையோ அல்ல, அடுப்படிச் சாமான். அதனால்தான் அதன் சாட்சிக்கு எடை கூடுகிறது: விற்பதற்காக யாரும் உடைந்த மூடியைக் கடல்கடந்து கொண்டுபோக மாட்டார்கள். கீரனோ அவர் பானையோ அங்கே சிலகாலம் தங்கியிருக்கவேண்டும். கீரனின் ஊர் எது என்று ஓடு சொல்லவில்லை. காஞ்சிக்கு அவரை உரிமை கொண்டாடுவதும் அரபுக் குதிரை போன்ற அவசரமே.

காஞ்சியின் பக்கத்தில் கிடைத்த சான்றும் நிதானம் கேட்கிறது. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரத்தில் 1970-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது உறைகிணறுகளும் கூம்புவடிவச் சாடிகளும் வெளிப்பட்டன. இத்தகைய சாடித்துண்டு என்றாலே ரோமானிய மது என்று எழுதுவது அந்நாளைய வழக்கம். இந்தியாவில் ரோமானியம் எனப்பட்ட ஓடுகளில் கணிசமானவை மெசப்பொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பக்கத்து ‘டார்பிடோ’ சாடிகள், உட்புறம் கீல் பூசியவை என்று ராபர்ட்டா டாம்பர் 2007-இல் காட்டினார். அந்தக் கண்கொண்டு பாலாற்றுச் சாடிகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் பார்ப்பது ஆய்வாளர் கடன். ரோமின் நிழலில் மேற்காசியக் கரைகள் மறைந்துகிடந்தது போதும்.

சும்ஹுரம் ஐந்தாம் நூற்றாண்டோடு ஓய்ந்தது. கழியின் வாயை மணல்திட்டு அடைத்துக்கொண்டது; இன்று கடலலை அதற்கு வெளியிலேயே முறிகிறது. அரபுக் குதிரை தமிழ்க்கரைக்கு மொத்தமாக வந்து இறங்கியதற்கு உறுதியான சாட்சி எட்டு நூற்றாண்டு கழித்து மார்க்கோ போலோவிடம் கிடைக்கிறது. ஹோர்முஸ், ஏடன், தோஃபார் வணிகர்கள் பாண்டிய அரசர்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை விற்றதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் அவர் எழுதுகிறார். நீர்ப்பெயற்றுக்கு ‘அரபுக் குதிரை’ வந்தது அந்தப் பாண்டிய லாயத்திலிருந்துதான். தோஃபார்க் குதிரைகள் அப்போது கப்பலேறிய துறையும் சும்ஹுரம் அல்ல. மேற்கே சலாலாவை ஒட்டிய அல்-பலீத்.