டொனமூர்க் காலத்துப் பெண் வாக்குரிமையும் தமிழ்ப் பெண்டிரும்

இலங்கைப் பெண்கள் 1931ஆம் ஆண்டில் வாக்குரிமை பெற்றனர். இஃது ஆங்கிலேயர் கேளாமலே அளித்த கொடை என்று கூறிச் செல்வோர் உளர். கேட்டோர் சிலரே என்பது மெய். எனினும் கேட்டோர் இருந்தனர் என்பதை மறத்தல் தகாது. அவர்கள் யாருக்காகக் கேட்டனர், அவ்வுரிமை யாரைச் சென்றடைந்தது என்பனவே இங்கு நாம் ஆராய விரும்புவன.

1931க்கு முன்னர், சொத்து, வருமானம், எழுத்தறிவு ஆகிய தகைமைகளால் வரையறுக்கப்பட்ட வாக்குரிமை மக்கட்டொகையில் ஏறத்தாழ நான்கு வீதத்தினருக்கே உரியதாயிருந்தது. அவர்கள் அனைவரும் ஆண்கள். 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இங்கு வந்தது. அடுத்த மாதமே கொழும்பிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி தலைவியாகவும் அக்னஸ் டி சில்வா செயலாளராகவும் விளங்கினர். சங்கத்தினர் பெரும்பாலும் ஆங்கிலங் கற்ற செல்வக் குடும்பத்தினர். எனினும், தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று ஆணைக்குழுத் தலைவர் வினவியபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா மறுமொழி பகர்ந்தார். அச்சபையில் எழுந்த குரல்களுள் இதனையே நாம் மிகவும் மதிக்கின்றோம். தோட்டத் தொழிலாளர் தரப்பில், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 'தேசபக்தன்' இதழிற் பெண் வாக்குரிமையை ஆதரித்து எழுதினார்.

1928இல் வெளிவந்த அறிக்கை முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மட்டும் வாக்களிக்கப் பரிந்துரைத்தது. பிரித்தானியாவில் 1918இல் வகுக்கப்பெற்ற விதியின் சாயல் அது. அவ்விதி அங்கேயே 1928இல் நீக்கப்பட்டது. இங்கும் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதென முடிவாயிற்று.

எதிர்த்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. சாதிவழித் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் வாக்களித்தல் நாட்டுக்குக் கேடு என அவர் கருதினார். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்படுவதால் சிறுபான்மையோர் வலுவிழப்பர் என்ற அச்சமும் அவர்பால் இருந்தது. அதனை நாம் எளிதிற் புறந்தள்ளோம். ஆனால் அவ்வச்சம் பெண்ணுக்கு வாக்கை மறுத்தற்குக் காரணமாகாது. பெண் கற்கலாம், ஆளலாகாது என்ற நிலைப்பாட்டை அக்காலத்துச் சான்றோர் பலர் முரண்பாடாகவே உணரவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. பூரண சுயராச்சியம் தரப்படவில்லை என்ற காரணத்தால் வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்பாளர் எவரும் நிற்கவில்லை. சமத்துவம் பேசிய, சாதிப்பாகுபாட்டைச் சாடிய இளைஞரின் இயக்கமே அத்தொகுதிப் பெண்களின் முதல் வாக்கை 1934 வரை ஒத்திவைத்தது. பகிஷ்கரிப்பைப் பற்றி நம்மவர் எழுதியன பல. இக்கோணத்தில் நோக்கியோர் மிகச் சிலரே.

அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண் அடலின் மொலமுரே. தந்தையார் இறந்ததால் வெற்றிடமான ருவன்வெல்லைத் தொகுதியில் 1931இல் வென்றார். அடுத்தவர் நேசம் சரவணமுத்து. கணவர் தேர்தல் வழக்கிற் பதவியிழந்தபின் 1932இற் கொழும்பு வடக்கில் வெற்றிபெற்று, 1941இல் இறக்கும்வரை உறுப்பினராயிருந்தார். இருவரும் உறவினர் விட்ட இடத்துக்கே வந்தனர்.

சொத்துரிமையோ வேறு கதை. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். தன் காணியை விற்கக் கணவனின் ஒப்பத்தை நாடியவள் சட்டசபைக்கு ஆள் தெரிய மட்டும் எவர் ஒப்பமும் வேண்டாதவளானாள்.

தோட்டப் பெண்களுக்கு 1931இலேயே குடியிருப்பு நிபந்தனைகள் தடையாயின. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்தே அகற்றின. அக்னஸ் டி சில்வா மறுமொழி கூறி ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது.