தங்காத கரு

கர்ப்பம் கலைந்த வீட்டுக்குப் போய்வந்தால், சோனகத்தெருவில் இருந்த என் உம்மும்மா "கரு தங்கேல்லையாம்" என்று மட்டும் சொல்லுவா. அந்தச் சொல்லின் கனம் எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கருக்கட்டிய முட்டை ஏறக்குறைய 30 மணித்தியாலத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிறகு நாலு, எட்டு. மூன்றாம் நாலாம் நாளில் முசுக்கட்டைப் பழம்போல ஒரு திரள். ஐந்தாம் நாளில் உள்ளே நீர்கொண்ட கோளம். ஆறேழு நாளளவில் அது கருப்பைச் சுவரைப் பற்றி உள்ளே புதையத் தொடங்கும். பல கருக்கள் தவறுவது இந்த இடத்தில்தான். தங்குவது என்றால் இதுதான்.

சோனகத்தெருவுக்குச் சில மைல் தள்ளி, மானிப்பாயில், அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழாக்கினார். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. டால்ற்றனின் உடற்றொழில் நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883இல் வந்தது. அதன் ஆங்கில மூலத்தில் கரு வளர்ச்சிக்கென்றே நெடும்பகுதி உண்டு. ஆனால் மனிதக் கருவின் முதல் வாரத்தை அந்நாளில் யாரும் கண்டதில்லை. மிருகங்களிலும் கோழிமுட்டையிலும் கண்டதைக்கொண்டு ஊகித்தார்கள். பொஸ்டனில் ஹேர்ட்டிக்கும் றொக்கும் மனிதக் கருக்களைத் தேடத் தொடங்கியதே 1938இல்தான்.

நமது ஓதற்பள்ளியில் நுத்பா, அலகா, முழ்கா என்று படித்தோம். ஸூறத்துல் முஃமினூனில் வரும் படிகள் இவை. அலகாவுக்கு நம் தமிழ்த் தர்ஜுமாக்கள் வெகுகாலம் 'இரத்தக்கட்டி' என்றே எழுதின. சொல்லின் வேரில் இருப்பதோ பற்றித் தொங்குதல். அதைப் பிடித்துக்கொண்டு இன்றைய விஞ்ஞானம் முழுவதும் அங்கே இருக்கிறது என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அறபு தெரிந்த முன்னைய முபஸ்ஸிர்களும் உறைந்த இரத்தம் என்றுதானே எழுதினார்கள்? கலைந்தபோது கண்ணில் பட்டது அதுதான்.

பிக்ஹு இன்னும் நுட்பமாகப் பார்த்தது. இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' படி, அலகா வெளிப்பட்டால் கர்ப்பிணியின் இத்தா முடியாது. முழ்காவில் மறைவாக மனித உரு இருப்பதாக மருத்துவிச்சிகள் சொன்னால் முடியும். முடியாவிட்டால் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாளை நிறைவாக்க வேண்டும். தீர்ப்பு ஆலிமுடையது, கண் மருத்துவிச்சியுடையது.

உம்மும்மா ஒரு இளம் விதவையின் கதை சொல்லுவா. மருத்துவிச்சி வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் விட்டு, அரிக்கன் லாம்பைக் கிட்டப் பிடிச்சு நெடுநேரம் பார்த்தாவாம். வாசலில் லெப்பை காத்து நின்றார்.

"உரு இருக்கு, லெப்பை."

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளையின் இத்தா முடிந்தது.