உறைபனியும் இலைவாழ் பாக்டீரியாவும்

இலைப்பரப்பில் வந்து விழும் பாக்டீரியாக்கள், மேல்தோல் செல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களிலும், காற்று வந்துபோகும் நுண்வாயில்களாகிய இலைத்துளைகளின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைப்படலத்துக்குள் கூட்டமாகப் பெருகுகின்றன. இவற்றுள் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் இனம், தன் புறப்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நீரை உறையவைத்துப் பயிரைக் கருக்குகிறது என்பது 1970களில் தெரியவந்தது. இலையில் முதலில் இடம்பிடித்த கூட்டம் பின்வருவதற்கு இடங்கொடுப்பதில்லை என்பதால், அப்புரதத்துக்குரிய மரபணுவை நீக்கிய வகையைப் பெர்க்லியில் ஸ்டீவன் லிண்டோ குழுவினர் உருவாக்கினர். வழக்குகளால் தடைபட்டிருந்த வயல்வெளிச் சோதனை, 1987 ஏப்ரலில் கலிபோர்னியாவின் பிரென்ட்வுட்டில் ஸ்ட்ராபெர்ரிச் செடிகளின் மீதும், அடுத்து டூலிலேக்கில் உருளைக்கிழங்குச் செடிகளின் மீதும் நடைபெற்றது. எதிர்ப்பாளர்கள் செடிகளைப் பிடுங்கியெறிந்தபோதிலும், அரசின் அனுமதியோடு மரபணு மாற்றிய பாக்டீரியாவைத் திறந்தவெளியில் விட்ட முன்னோடிச் சோதனைகளாக அவை வேளாண் வரலாற்றில் இடம்பெற்றன.