சாலட்டில் எண்ணெய்

'சாலட்' என்ற சொல்லின் வேர் உப்பு. லத்தீனில் 'சால்' என்றால் உப்பு; உப்பிட்ட பச்சிலை என்பதிலிருந்தே உணவின் பெயர் பிறந்தது. ரோமானியர் லெட்டூஸ் போன்ற இலைகளை உப்பு, எண்ணெய், வினிகர் சேர்த்து உண்டனர். அவர்கள் கணக்கில் லெட்டூஸ் மருந்தும்கூட. பேரரசர் அகஸ்டஸ் நோயுற்றபோது மருத்துவர் அந்தோனியஸ் மூசா லெட்டூஸ் கொடுத்துத்தான் பிழைக்கவைத்தார் என்ற செய்தியைப் பிளினி பதிவுசெய்திருக்கிறார்.

அக்கால மருத்துவம் பச்சிலையைக் குளிர்ச்சிப் பொருள் என்று வகுத்தது. வெறும் இலை வயிற்றைக் கெடுக்கும், உப்பும் எண்ணெயும் அந்தக் குளிர்ச்சியைத் தணிக்கும் என்ற நம்பிக்கை பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் நிலைத்தது. காரணம் தவறு, ஆனால் எண்ணெய் தட்டிலேயே தங்கிவிட்டது.

இதில் மிகவும் பிடிவாதமாக இருந்தவர் இத்தாலியின் மொடேனாவைச் சேர்ந்த ஜாக்கமோ காஸ்டல்வெத்ரோ. வெனிஸில் மத விசாரணை மன்றத்திடம் சிக்கி, ஆங்கிலேயத் தூதரின் தலையீட்டால் 1611-இல் விடுபட்டு இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். அங்கே இறைச்சியே பெரிதென்று இருந்தவர்களுக்குக் காய்கனிகளின் அருமையைச் சொல்ல 1614-இல் ஒரு நூல் எழுதினார். இலைகளைப் பலமுறை அலசி, நீரை நன்றாக வடித்து, தாராளமாக உப்பும் எண்ணெயும் விட்டு, வினிகரை மட்டும் துளியளவு சேர்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. அலசாமல், வடிக்காமல், வினிகரில் மூழ்கடிப்பவர்கள்மேல் அவருக்கு இருந்த கோபம் இன்றும் படிக்கச் சுவையானது.

1699-இல் ஜான் எவலின் சாலட்டுக்கென்றே 'அசிடேரியா' என்ற நூலை வெளியிட்டார். மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு என்பது அவர் தந்த அளவு. புளிப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் பீங்கான் கிண்ணத்தையே சிபாரிசு செய்தார்.

இலையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. 1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற பெயரைத் தந்தார். அடுத்த ஆண்டே, வெண்ணெய்க் கொழுப்பிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வளர்ச்சிக்கு அவசியமான ஒரு பொருள் இருப்பதாக அமெரிக்காவின் விஸ்கான்சினில் கண்டறிந்தனர். பின்னாளில் அது வைட்டமின் ஏ ஆயிற்று. கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினை உடல் இந்த வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. கரோட்டின் கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது.

அமெரிக்கச் சந்தையோ எதிர்த்திசையில் போனது. 1894-இல் பர்ப்பி விதை நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐஸ்பெர்க் லெட்டூஸ், தொலைதூரப் பயணத்தைத் தாங்கும் என்பதால் நாடெங்கும் பரவியது. மொறுமொறுப்பு உண்டு, சத்து குறைவு: ரோமைன் லெட்டூஸில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வைட்டமின் ஏ கிடைக்கும். பிறகு 1980, 90-களின் கொழுப்பு பயத்தில் எண்ணெயே இல்லாத சாலட் டிரஸ்ஸிங்குகள் கடைகளை நிறைத்தன.

2004-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பசலை, ரோமைன், தக்காளி, கேரட் கலந்த சாலட்டை ஏழு பேருக்கு வெவ்வேறு அளவு எண்ணெயுடன் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தனர். கொழுப்பில்லாத சாலட்டில் கரோட்டின் வகைகள் ஏறக்குறைய உட்கிரகிக்கப்படவே இல்லை. 28 கிராம் எண்ணெய் சேர்த்ததில்தான் மிக அதிகம். சமைத்த முட்டை சேர்த்தாலும் இப்பயன் கிட்டும் என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நிலக்கடலை, எள், பாதாம் போன்றவை கொழுப்போடு புரதமும் தருகின்றன. எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

இராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு தரும் கோசுமல்லியில் இவற்றில் பல ஏற்கெனவே உண்டு: ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி அல்லது கேரட், தேங்காய்த் துருவல், எலுமிச்சை, எண்ணெயில் தாளித்த கடுகு. உப்பை முன்கூட்டிப் போட்டால் வெள்ளரி நீர்விட்டுவிடும் என்பதால், அதைப் பரிமாறும்போதுதான் சேர்ப்பார்கள்.