இன்டெல் மண்டியிட்ட கதை: பிராசசர் சூடும் கேபினெட் காற்றும்

2004 அக்டோபர் மாதம். அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்தில் கார்ட்னர் நிறுவனம் நடத்திய ஒரு பெரிய மாநாடு. மேடையில் அப்போதைய இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும், வரும் என்று சொல்லிவிட்டு கடைசியில் கைவிட்டு விட்டீர்களே என்ற பேச்சு வருகிறது. மனிதர் மேடையிலேயே மண்டி போட்டு மன்னிப்பு கேட்டார். விளையாட்டாகத்தான். ஆனாலும் உலகத்தின் மிகப்பெரிய சிப் கம்பெனித் தலைவர் முழங்காலில் நின்றது ஊரெல்லாம் செய்தியானது.

போட்டிக் கம்பெனிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் முக்கிய வில்லன் சூடு.

இன்றைக்கு யாராவது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போனால் கடைக்காரர் ஒரு வழக்கமான செட்டப் சொல்வார். பிராசசர் மேல் கோபுரம் மாதிரி உயரமாக நிற்கும் ஒரு டவர் கூலர், முன்பக்கம் வலை போட்ட கேபினெட், முன்னால் இரண்டு மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. ஏதோ ஆதிகாலம் முதல் இப்படித்தான் என்பது போல நாமும் வாங்கி வந்து விடுகிறோம். இந்த அமைப்பு வந்து சேர்ந்த கதையில் ஒரு பெரிய தோல்வி இருக்கிறது. எங்கள் காஸ்ட் அக்கவுன்டிங் பாடத்தில் வரும் எந்த உதாரணத்தை விடவும் எனக்கு அது பிடித்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1993ல் வந்த முதல் பென்டியம் (60, 66 மெகாஹெர்ட்ஸ்) அதிகபட்சம் 16 வாட் அளவுக்குத்தான் சூடு கக்கியது. அதற்கே "ஐயோ, இது அடுப்பு" என்றார்கள். இன்றைய கணக்கில் அது ஒரு எல்.ஈ.டி பல்பு! 1995ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ் என்ற மதர்போர்டு, கேபினெட் அளவுத் தரத்தைக் கொண்டு வந்தது. அதில் ஒரு வேடிக்கையான திட்டம் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருக்கும் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து நேராகப் பிராசசர் மேல் ஊத வேண்டும். ஒரே ஃபேனில் இரண்டு வேலை, பிராசசருக்குத் தனி ஃபேன் மிச்சம். பேப்பரில் நல்ல சிக்கனம்தான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் தன் சூட்டையும் சேர்த்தல்லவா ஊதும்? அதனால் பிற்பாடு ஃபேனைத் திருப்பிப் போட்டு, காற்றை வெளியே தள்ள வைத்தார்கள். பிராசசர் தலையில் தனியாக ஒரு சின்ன ஃபேன் ஏறியது. இப்போது அந்தச் சின்ன ஃபேனுக்குக் கிடைப்பது எது? ஹார்ட் டிஸ்க்கையும் கிராஃபிக்ஸ் கார்டையும் தாண்டி, ஏற்கெனவே சூடாகி வந்த காற்று. இந்தக் கோளாறு பத்து வருஷத்துக்கு அப்படியே இருந்தது.

2001ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரியில் ஒரு பொறியாளர் மாநாட்டில் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் (2021 முதல் 2024 வரை சி.இ.ஓவாக இருந்தவர்) பேசினார். இதே போக்கில் போனால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் சூட்டில் சிப்புகள் சில வருஷத்தில் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட் வாயை, அதன் பிறகு சூரியனின் மேற்பரப்பை எட்டும் என்று எச்சரித்தார். அதே வருஷம் செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 3 அப்படியே நின்று போனது. பென்டியம் 4 தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைத்தது. ஏ.எம்.டியின் அத்லான் புகை விட்டுச் செத்தது. இன்டெல் ரசிகர்கள் கொண்டாடிய வீடியோ அது. மூன்றே வருஷத்தில் கதை தலைகீழாகும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அந்தக் காலத்து தீர்வு என்ன? வேகமான ஃபேன். 60 மில்லிமீட்டர் அகலமே இருக்கும் டெல்டா ஃபேன் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும். மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம். கம்ப்யூட்டரை ஹாலில் வைத்துவிட்டு சமையலறையில் உட்கார்ந்து பேச வேண்டும்!

2004 பிப்ரவரியில் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 வந்தது. 90 நானோமீட்டர் தொழில்நுட்பம். ஐ.பி.எம்மின் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் 1974ல் எழுதி வைத்த ஒரு விதி உண்டு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜையும் குறைக்கலாம், அதனால் அதே இடத்தில் எத்தனை டிரான்சிஸ்டர் அடைத்தாலும் சூடு கூடாது என்பது அதன் சாரம். முப்பது வருஷம் அந்த விதி சோறு போட்டது. 90 நானோமீட்டரில் அது உடைந்தது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும், சரியாக மூடாத குழாய் போல, கரன்ட் ஒழுக ஆரம்பித்தது. வேலையே செய்யாமல் சூடு! முந்தைய 3.4 கிகாஹெர்ட்ஸ் சிப் 89 வாட் என்றால், அதே வேகத்தில் பிரெஸ்காட் 103 வாட். 3.8 கிகாஹெர்ட்ஸில் 115 வாட்.

இங்கேதான் இன்டெல் எடுத்த முடிவைப் பார்க்க வேண்டும். சிப் சூடாகிறது. சிப்பை மாற்றலாம், அல்லது சிப்பைச் சுற்றியுள்ள பெட்டியை மாற்றலாம். இன்டெல் பெட்டியை மாற்றப் போனது.

அதன் பெயர் பி.டி.எக்ஸ். 2003ல் அறிவித்து 2004ல் கொண்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால் அழகான வடிவமைப்பு. மதர்போர்டைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி, பிராசசரைக் கேபினெட்டின் முன்பக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். முன்னால் ஒரு பெரிய ஃபேன், அதன் பின்னால் கூடு மாதிரி மூடிய பெரிய ஹீட்சிங்க். வெளியிலிருந்து வரும் புதுக் காற்று முதலில் பிராசசரைத் தொடும், அதே காற்று நேர்கோட்டில் போய் சிப்செட், மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் தடவிவிட்டுப் பின்பக்கம் வெளியேறும். கிராஃபிக்ஸ் கார்டின் சிப் கூட தரையைப் பார்க்காமல் மேலே பார்க்கும். ஏ.டி.எக்ஸின் பத்து வருஷக் கோளாறு ஒரே அடியில் தீர்ந்தது.

ஆனால் ஓடவில்லை. ஏன்?

பழைய கேபினெட் வைத்திருப்பவர் பி.டி.எக்ஸுக்கு மாற வேண்டுமானால் கேபினெட், மதர்போர்டு, கூலர் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். கேபினெட் செய்கிறவர் புது அச்சு வார்க்க வேண்டும். மதர்போர்டு செய்கிறவர் ஒரே சிப்செட்டுக்கு இரண்டு டிசைன் வைத்திருக்க வேண்டும். ஏ.எம்.டியின் அத்லான் 64ல் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருந்ததால் மெமரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். பி.டி.எக்ஸ் அமைப்பு அதற்கு ஒத்து வரவில்லை. தவிர, அத்லான் 64 அவ்வளவு சூடாகவும் இல்லை. அதாவது, சூட்டை உண்டாக்கியது ஒரு கம்பெனி, அதைத் தணிக்கும் செலவு எல்லார் தலையிலும். கணக்கு டேலி ஆகவில்லை. டெல் போல முழு மெஷினையும் தானே செய்து விற்கும் கம்பெனிகளுக்கு மட்டும் கட்டுப்படியானது, அவர்கள் சில வருஷம் பயன்படுத்தினார்கள். பழைய ஆபீஸ் டெல் ஆப்டிப்ளெக்ஸ் ஒன்றைத் திறந்து, முன்னால் ஒரு பெரிய கறுப்புக் கூடு இருந்தால், அது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

இதற்கிடையில் இன்டெல்லுக்குள் சிப்பைப் பற்றிய நம்பிக்கையே போய்விட்டது. 2004 மே மாதம் பிரெஸ்காட்டின் வாரிசு டேஜாஸ் ரத்து. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் ரத்து, பாரெட் மண்டி. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது, 65 வாட். வேகமும் அதிகம், சூடும் கிட்டத்தட்ட பாதி. செப்டம்பரில் பி.டி.எக்ஸ் வளர்ச்சியை நிறுத்துவதாக இன்டெல் அறிவித்தது. ஊரையே வீடு மாற்றச் சொல்லிவிட்டு, கடைசியில் தன் அடுப்பை அணைத்துக் கொண்டார்கள் :-)

பெட்டி தோற்றது. காற்று நேர்கோட்டில் போக வேண்டும் என்ற யோசனை தோற்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தது வேறொரு பழைய சரக்கு, ஹீட் பைப்.

செப்புக் குழாயைக் காற்று எடுத்துவிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிவிடுவார்கள். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து நீராகும், உள்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அதைத் திரும்ப இழுத்து வரும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸின் காக்லர் 1944லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963ல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி வேலைக்காக மறுபடி கண்டுபிடித்தார்.

ஹீட் பைப் வந்ததால் சூட்டைப் பிராசசரின் தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. அங்கே தகடுகளை அடுக்கி, பக்கவாட்டில் 120 மி.மீ ஃபேனை மாட்டினால், காற்று மதர்போர்டில் மோதாமல் நேராகப் பின்பக்க ஃபேனுக்குப் போகும். பி.டி.எக்ஸ் கேட்ட நேர்கோடு, பழைய ஏ.டி.எக்ஸ் பெட்டிக்குள்ளேயே! 2005ல் சைத் நிஞ்சா, 2006ல் தெர்மல்ரைட் அல்ட்ரா 120, பிறகு நம் பட்ஜெட்டுக்கு கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும் என்பதால் மிக்ஸி சத்தமும் போயிற்று. 2005ல் ஆன்டெக் பி180 கேபினெட் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கீழே தனி அறைக்கு இறக்கியது. பிராசசருக்கு மேலே இருந்த தடை விலகியது. இன்று அநேகமாக எல்லாக் கேபினெட்டும் அப்படித்தான்.

எடையைப் பாருங்கள். பென்டியம் 4 காலத்தில் கூலருக்கு இன்டெல் சொன்ன வரம்பு 450 கிராம். 2014ல் வந்த நாக்டுவா என்.எச்-டி15 இரண்டு ஃபேனோடு 1320 கிராம், உயரம் 165 மி.மீ. அதனால்தான் கூலர் வாங்குமுன் கேபினெட்டின் அகலத்தையும், மெமரி குச்சியின் உயரத்தையும் அளக்கச் சொல்கிறார்கள். பக்கக் கதவு மூடாமல் திரும்பக் கடைக்கு ஓடியவர்கள் நிறைய.

பிரெஸ்காட் காலத்து ஆவணம் ஒன்றில் இன்னொரு எண் இருக்கிறது, நமக்கு முக்கியமானது. வெளியே அறை 35 டிகிரி இருந்தாலும் பிராசசர் ஃபேனுக்கு வந்து சேரும் காற்று 38 டிகிரியைத் தாண்டக் கூடாது, கேபினெட்டை அப்படிச் செய்யுங்கள் என்று இன்டெல் கேட்டது. மூன்றே டிகிரி சலுகை! எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எந்த ஏர் கூலரும் தனக்குக் கிடைக்கும் காற்றை விடக் குளிர்விக்க முடியாது. மே மாதம் வேலூரிலும் திருச்சியிலும் அறையே 40ஐத் தொடும்போது அந்த மூன்று டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

இது புரியாமல் நானே ஏமாறப் பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின், முன்பக்கம் முழுக் கண்ணாடி, பார்க்க அழகு. ஏதாவது ரெண்டர் போட்டால் 88 டிகிரி. கடையில் "கூலர் பத்தாது தம்பி, நாலாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பக்கக் கதவைக் கழற்றி வைத்து அதே வேலையை ஓட்டிப் பார்த்தேன். 74. கூலர் அதேதான், பேஸ்ட் அதேதான். கதவைத் திறந்ததும் 14 டிகிரி குறைந்தால் குற்றவாளி கேபினெட்தானே? கதவு திறந்தும் சூடு குறையாவிட்டால்தான் கூலரையோ பேஸ்டையோ சந்தேகப்பட வேண்டும்.

2022ல் வந்த கோர் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட் இழுக்கும். அதே வருஷத்து ரைசன் 7000 வரிசை 95 டிகிரியில் ஓடுவதையே இயல்பு என்று ஏ.எம்.டி சொல்லிவிட்டது. பாரெட்டை மண்டி போட வைத்த சிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இப்போது யாரும் மேடையில் மன்னிப்பு கேட்பதில்லை, பெரிய கூலர் வாங்கிக்கொள் என்கிறார்கள்.

நான் வாங்கவில்லை. முன்பக்கக் கண்ணாடியைத் தாங்கும் திருகுகளுக்கு நீளமான வாஷர் கொடுத்து ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, உள்ளே இரண்டு 120 மி.மீ ஃபேன் போட்டேன். கதவை மூடி 77. தூசி மட்டும் முன்னைவிட அதிகம் வருகிறது, மாதம் ஒருமுறை பிரஷ் எடுக்க வேண்டியிருக்கிறது.